கோட்டைக்குப்பத்துக் காசும் கோணல் அச்சும்

கோட்டைக்குப்பம் என்றதும் புதுச்சேரியை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பமே வாசகர்களுள் பலருக்கு நினைவுக்கு வரக்கூடும். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அவ்வூரை அன்று. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவர் குப்பம் இது. ஊர்ப்பெயரில் கோட்டை இருக்கிறது, ஊரருகே கோட்டை இருந்த இடமும் இருக்கிறது, கோட்டைதான் இல்லை. 1613இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்று அகழியின் சுவடும், புதர் மண்டிய மேடும், சற்றுத் தள்ளி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமுமே எஞ்சியுள்ளன. அத்தோட்டத்தின் வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது பழவேற்காட்டுக்குச் செல்வோரின் வழக்கம். நாமும் அதற்கு விலக்கல்லர்.

ஆயினும் ஒல்லாந்தர் இங்கே விட்டுச்சென்றவற்றுள் கல்லறைகளைவிட எண்ணிக்கையில் மிகுந்ததும், நம் கவனத்தில் குறைந்ததுமான ஒன்று உண்டு. அது காசு. பழவேற்காட்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஒரு கம்பட்டம் இருந்தது. (கம்பட்டம், அக்கசாலை, தங்கசாலை ஆகிய மூன்றும் நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள். கொற்கைக்கு அருகே அக்கசாலை என்று ஓர் ஊரே இருக்கிறது. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது.) பழவேற்காட்டுக் கம்பட்டத்தின் கட்டடமோ அச்சோ சம்மட்டியோ இன்று நம் பார்வைக்குக் கிடைப்பதில்லை. அதில் அடித்த காசுகள் மட்டுமே உள்ளன. அந்தப் பட்டறை எப்படி இயங்கியது என்பதற்கு அவையே நேர்ச்சான்று. இதனாலேயே, பழைய நாணயத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதன் தரமும் விலையும் என்னவாகும் என்ற கேள்வி, சேகரிப்பாளரின் பொழுதுபோக்குக் கேள்வி என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

சோழமண்டலக் கரை நெடுகவே மழைக்குப் பின்னும் பெருங்காற்றுக்குப் பின்னும் கரையோர மணலில் பழங்காசுகள் தென்படுவதுண்டு. அப்படிக் கிடைத்த பச்சைப்பாசம் படிந்த செப்புக்காசு ஒன்று என்ன ஆகிறது? கண்டெடுத்தவர் வீட்டில் அதைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். பளபளவென்று ஆனதும் நகரத்து வியாபாரியிடம் போகிறது. அவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறார். கும்பினியின் முத்திரை முழுதாக இருக்கிறதா, கம்பட்டத்தைச் சுட்டும் எழுத்து தெரிகிறதா என்று இரண்டு கேள்விகள் கேட்கிறார். இல்லையென்றால் 'கோணல் அடி, தேறாது' என்று பழைய செம்பின் எடைக்குத் தள்ளிவிடுகிறார். இந்தச் சிறு நிகழ்ச்சியில் இரண்டு இழப்புகள் உள்ளன. புளியால் நேர்ந்த இழப்பு ஒன்று. 'தேறாது' என்ற தீர்ப்பால் நேர்ந்த இழப்பு மற்றொன்று. இரண்டையும் விளக்கவே இக்கட்டுரை.

முதலில் சற்று வரலாறு. 1610இல் விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சியில் ஒல்லாந்தருக்குப் பழவேற்காட்டில் வணிகம் செய்யும் உரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதற்குப் பின் எழுந்ததே கெல்டிரியா கோட்டை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரையே அதற்கு இட்டனர். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைநகர் பழவேற்காடுதான். துணி ஏற்றுமதி, வெடிமருந்து ஆலை, அடிமை வணிகம் ஆகிய எல்லாம் இங்கிருந்து நடந்தன. ஊர் பிற்காலத்தில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே பலமுறை கைமாறி, 1824 உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயரிடம் முடிவாகச் சேர்ந்தது.

இங்குக் காசு அடிக்கத் தொடங்கியதற்கு நூல்கள் பொதுவாகத் தரும் ஆண்டு 1615. ஒரு முகத்தில் கும்பினியின் கூட்டெழுத்து முத்திரை. மறுமுகத்தில் நாகரி எழுத்து. இதுவே தொடக்ககாலச் செப்புக் காசின் அமைப்பு. அந்த முத்திரையை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள்: நடுவில் பெரிய 'வி', அதன் இடக்கையில் 'ஓ', வலக்கையில் 'சி'. சில வகைகளில் முத்திரையின் தலைமேல் ஊரைக் குறிக்கும் ஓர் எழுத்து நிற்கும். பழவேற்காட்டுக்குப் 'பி', நாகப்பட்டினத்துக்கு 'என்'. இலங்கையில் பிற்காலத்தில் அடித்த காசுகளில் கொழும்புக்குச் 'சி', காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', திருகோணமலைக்கு 'டி'. பழவேற்காட்டுக் காசுகள் இலங்கையிலும் செலவாணியாயின. ஆகவே ஒரு காசு எந்த ஊரில் கிடைத்தது என்பதை மட்டும் கொண்டு அது எந்த ஊரில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. தலைமேல் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தே பிறப்புச் சான்றிதழ். அந்த எழுத்து காசின் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டால்?

விழுவதற்கு வாய்ப்பு மிகுதி. காரணம், அந்நாளில் காசு அடித்த முறை. செம்பை உருக்கிக் கம்பியாகவோ பாளமாகவோ வார்த்து, உளியால் துண்டுதுண்டாக வெட்டி, எடை பார்த்து, தட்டிச் சிறு வில்லையாக்குவர். கீழ் அச்சு ஒரு கட்டையில் பதிந்து நிற்கும். வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் ஓர் அடி. அடுத்த வில்லை. மேலும் ஓர் அடி. விளிம்பைப் பிடித்து நிறுத்த வளையம் கிடையாது. அச்சையும் வில்லையையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் கருவியும் கிடையாது. போதாக்குறைக்கு, இந்நாட்டுக் கைக்காசுகளில் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருப்பது பொதுவழக்கு. அச்சில் பத்து எழுத்து வெட்டியிருந்தால் காசில் ஆறோ ஏழோ விழும். ஆகவே எழுத்து முழுதும் விழுந்த காசுதான் இங்கே விதிவிலக்கு. கோணல் அடியே இயல்பு.

அக்காலத்தவர் இதைக் குறையாகக் கருதினரா? பெரும்பாலும் இல்லை. பொன் வராகனை வாங்கியவர் அதன் எடையையும் மாற்றையும் பார்த்தார். உருவம் நடுவில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 1660களில் ஜப்பானியப் பொன்னை ஒல்லாந்தர் சோழமண்டலத்துக்குக் கொண்டுவந்து வராகனாக அடித்தபோதும், வணிகர் கேட்ட கேள்வி மாற்று எவ்வளவு என்பதே. நாணயத்தைச் சோதித்துத் தரம் சொல்வதற்குத் தமிழகத்தில் மிகப்பழங்காலந்தொட்டே தனித் தொழிலாளர் இருந்தனர். அவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர் பெயர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனாரும் வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரும் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. கவிதையை எடைபோட்டவர் பொன்னையும் எடைபோட்டார் என்று எண்ணிப் பார்க்க நமக்குச் சற்றுப் பெருமிதமாகவே இருக்கிறது! இடைக்காலக் கல்வெட்டுகளில் 'துளைநிறை செம்பொன்' என்றும் 'அன்றாடு நற்காசு' என்றும் வரும். காசின் மதிப்பில் பிடித்தம் செய்வதற்கு 'வாசி' என்று பெயர். வாசி படாத காசே நற்காசு. அதாவது, தரம்பிரித்தலும் குறைக்கு விலை குறைத்தலும் அமெரிக்கர் நமக்குக் கற்றுக்கொடுத்தவை அல்ல. ஆனால் அன்று வாசி விழுந்தது தேய்மானத்துக்கும் கலப்புக்கும். இன்று வாசி விழுவது அழகுக்குறைக்கு. அளவுகோல் மாறிவிட்டது.

இன்றைய அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் தொடக்ககாலப் பெரிய செப்புச் சதங்களைப் பற்றிய நூலில் 1 முதல் 70 வரையிலான ஓர் அளவை முன்வைத்தார். அடையாளம் மட்டும் தெரியும் நிலையில் உள்ள காசுக்கு 1. குறையே இல்லாததற்கு 70. இந்த எண்கள் தொடக்கத்தில் தரத்தை மட்டும் சொல்ல வரவில்லை. அடிப்படை விலையை இந்த எண்ணால் பெருக்கினால் சந்தை விலை வரவேண்டும் என்பதே அவர் கணக்கு. சந்தை அந்தக் கணக்கைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது; எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டில் தோன்றிய தரச்சான்று நிறுவனங்கள் இவ்வெண்களையே கண்ணாடிபோன்ற பெட்டியில் காசோடு அடைத்துத் தருகின்றன. நம்மூர் ஏலப் பட்டியல்களில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன் என்று வருவன அதற்கும் முந்திய சொல்வழக்கு. எதுவாயினும், இவை எல்லாம் அளப்பது முதன்மையாகத் தேய்மானத்தை. கம்பட்டத்தை விட்டு வெளியே வந்தபின் காசுக்கு என்ன நேர்ந்தது என்பதை. கம்பட்டத்துக்குள்ளேயே நேர்ந்த பிழையை இந்த ஒற்றை எண்ணுக்குள் அடக்குவது கடினம். அதனால்தான் தொன்மையான நாணயங்களுக்குத் தரம் தரும் நிறுவனம் ஒன்று, தேய்மானத்துக்கு ஒரு தரம் தந்துவிட்டு, அடியின் நேர்த்திக்கு ஐந்தில் எத்தனை, மேற்பரப்பின் நிலைக்கு ஐந்தில் எத்தனை என்று தனித்தனியே மதிப்பெண் இடுகிறது. பழவேற்காட்டுக் காசைப் பார்க்கவும் இம்முறையே பொருந்தும் என்பது நம் கருத்து.

தேய்மானமும் பலவீனமான அடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும். எப்படிப் பிரித்தறிவது? கைபட்டுத் தேய்ந்த காசில் முதலில் மழுங்குவது மேடான பகுதிகள். அங்கே பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அடி சரியாக விழாத காசிலோ, உலோகம் அச்சின் ஆழத்துக்குள் பாயவே இல்லை. ஆகவே அங்கே வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே நிற்கும். மேலும், காசைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தின் மறுபக்கமும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். வில்லை அங்கே மெலிந்திருந்ததே காரணம். தேய்மானத்துக்கு இந்த ஒற்றுமை இராது. முத்திரையின் வலக்கை மங்கி, இடக்கை கூர்மையாக இருக்கும் ஒரு காசைத் 'தேய்ந்த காசு' என்று தள்ளுவது, பிறவியிலேயே குட்டையானவரைப் பார்த்து முதுமையால் கூனிப்போனார் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

விளிம்பில் வெடிப்பு விழுந்த காசுகள் மிகுதி. செம்பைப் போதுமான அளவு காய்ச்சாமல் அடித்தால் விளிம்பு பிளக்கும். இந்த வெடிப்பு எழுத்தை வெட்டாத வரையில் கைக்காசின் விலையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் அது கம்பட்டத்தில் விழுந்த வெடிப்பா, பிற்காலத்தில் யாரோ வளைத்துப் பார்த்ததால் விழுந்ததா என்று பார்க்கவேண்டும். காசின் முகத்தில் படிந்திருக்கும் அதே பாசம் வெடிப்பின் உட்சுவரிலும் இருந்தால் அது பழையது. உள்ளே செம்பு சிவந்து தெரிந்தால் அண்மைக் காயம்.

இரட்டை அடியில் கவனம் வேண்டும். முதல் அடி சரியாக விழவில்லை என்று தோன்றி, கம்மியர் இன்னோர் அடி அடித்தால், இடையில் வில்லை நகர்ந்துவிட்டிருக்கும். எழுத்துகள் நிழல்போல இரட்டிக்கும். இது அந்த ஒரு காசுக்கே உரியது. அச்சிலேயே எழுத்து இரட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசுகளிலும் அதே இரட்டிப்பு வரும். முன்னது விபத்து, பின்னது அச்சின் அடையாளம். ஆய்வாளருக்குப் பின்னதே பயன் மிக்கது. ஒரே அச்சில் பிறந்த காசுகளை இனங்கண்டு அடுக்கினால், அச்சு சிறுகச் சிறுக விரிசல் விட்டதையும் தேய்ந்ததையும் கொண்டு எந்தக் காசு முன், எது பின் என்று வரிசைப்படுத்த முடியும். ஆண்டு பொறிக்காத காசுகளுக்குக் காலவரிசை காண இது ஒரு நல்ல வழி. பழவேற்காட்டுச் செப்புக் காசுகளைப் பொறுத்தவரையில் இதன் தேவையை நாம் விளக்க வேண்டியதில்லை.

நமக்கு மிகவும் பிடித்த பிழை ஒன்று உண்டு. அடித்த காசு சில வேளைகளில் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கம்மியர் அதைக் கவனியாமல் அடுத்த வில்லையை வைத்து அடிப்பார். அப்போது அந்த வில்லையின் மேல்முகத்தில் பதிவது அச்சு அன்று, ஒட்டிக்கொண்ட காசின் முகம். விளைவாகப் புதிய காசின் ஒருபுறம் கீழ் அச்சின் உருவம் மேடாகவும், மறுபுறம் அதே உருவம் பள்ளமாக, கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியும் இருக்கும். கும்பினி முத்திரையில் இதை இனங்காண எளிய வழி இருக்கிறது. 'வி'யும் 'ஓ'வும் திருப்பினாலும் மாறாத எழுத்துகள். 'சி' மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்: அது இடப்பக்கம் வந்து, வாயைத் திருப்பிக்கொண்டு நிற்கும். உருவம் பள்ளமாக இருந்து 'சி' திரும்பியிருந்தால் அது ஒட்டிக்கொண்ட காசின் வேலை. உருவம் மேடாகவே இருந்து 'சி' மட்டும் திரும்பியிருந்தால், அது அச்சு வெட்டியவரின் பிழை. அச்சில் எல்லாவற்றையும் திருப்பி வெட்டவேண்டும். உரோமன் எழுத்து அறியாத உள்ளூர்க் கம்மியர் மாதிரியைப் பார்த்து அப்படியே வெட்டிவிட்டால் காசில் அது திரும்பி விழும். இரண்டையும் ஒரே பெயரிட்டு 'தலைகீழ் எழுத்து, அபூர்வம்' என்று விற்பவர்களைக் கண்டால் வாசகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இத்தகைய பிழைக்காசுகளின் விலை கூடுமா, குறையுமா? விடை, காசு கையால் பிறந்ததா பொறியால் பிறந்ததா என்பதைப் பொறுத்தது. பொறியில் பிழை அரிது. ஆகவே பிழைக்கு விலை அதிகம். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கம்பட்டத்தில் அச்சிலேயே எழுத்து இரட்டித்துவிட்ட ஒரு செண்ட் காசுகள் இருபதாயிரத்துக்கும் மேல் வெளியே போயின. ஒரு செண்ட் காசான அது இன்று ஆயிரம் டாலரைத் தாண்டி விலைபோகிறது. அதே இரட்டிப்பு பழவேற்காட்டுக் காசில் இருந்தால், வியாபாரி முகம் சுளித்து விலையைக் குறைப்பார். கைக்காசில் பிழை மலிவு; முழுமையே அரிது. சற்றுத் தேய்ந்திருந்தாலும் 'பி' தெளிவாக விழுந்த காசு, தேயாமல் இருந்தும் 'பி' விளிம்புக்கு வெளியே போன காசைவிட மிகுந்த விலை பெறுவது இதனால்தான். இராசராசனின் செப்புக்காசுகளுக்கும் இதுவே நிலை. அவ்வகைக் காசுகளை இலங்கையரசர்களும் பின்பற்றி அடித்தனர்; பெயரெழுத்தே முதன்மையான வேறுபாடு. பெயர் விழாத காசு பெயரில்லாத காசாகவே கிடக்கிறது.

இரு உலகங்களும் சந்திக்கும் காசு ஒன்றும் பழவேற்காட்டோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் மாநிலக் கம்பட்டங்கள் திருகுப்பொறியில் அடித்து ஆசியாவுக்கு அனுப்பிய செப்புக் காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். ஒருபுறம் கும்பினி முத்திரையும் ஆண்டும்; மறுபுறம் அம்மாநிலத்தின் சின்னம். கெல்டர்லாந்தின் சின்னம் தாங்கிய டொய்ட்டும் உண்டு. கோட்டைக்குப் பெயர் கொடுத்த மாநிலத்தின் காசு! நம் பேச்சில் வழங்கும் 'துட்டு' இச்சொல்லின் வழியே வந்ததென்பர். டொய்ட்டுகள் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன, ஆண்டு பொறித்தவை, உருவம் நடுவில் விழுந்தவை. எனவே இவற்றில் மையம் விலகியது அரிது, விரும்பித் தேடப்படுவது. கையால் அடித்த காசில் விலையைக் குறைக்கும் கோணல், டொய்ட்டில் விலையை ஏற்றுகிறது.

குறையில்லாமையே விலை அன்று என்பதற்கும் ஒரு சென்னைக் கதை உண்டு. ஆங்கிலக் கும்பினி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ கம்பட்டத்தில் நீராவிப் பொறியால் 10 காசு, 20 காசு நாணயங்களை அடிக்கச் செய்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையை விட்டு விலகுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் லட்சக்கணக்கான காசுகளை மேலே கொண்டுவந்தனர். பீப்பாய்க்குள் இறுகியிருந்தவை புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. உதிரியாகக் கிடந்தவற்றைக் கடல்நீர் அரித்திருந்தது. அடியில் பிழையே இல்லாத இக்காசுகள் இன்றும் எளிய விலைக்கே கிடைக்கின்றன. செலவாகவேண்டிய ஊரை வந்தடையாத காசு, சேகரிப்பாளரின் மேசையை மட்டும் தாராளமாக வந்தடைந்துவிட்டது.

இனிப் புளிக்கு வருவோம். செப்புக் குடத்தைப் புளியால் துலக்குவது நம் வீட்டு அறிவு. குடத்துக்கு அது சரி. காசுக்கு அது கேடு. செம்பின்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த கெட்டியான பச்சை அல்லது பழுப்புப் படலம் அழுக்கு அன்று. உலோகமே மேற்பரப்பில் மாறி உருவான காப்பு. மங்கலான எழுத்தின் எல்லைக்கோடு பல வேளைகளில் அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. அமிலம் பட்டால் படலம் கரையும், எழுத்தும் அதனுடனே போகும். எஞ்சுவது இளஞ்சிவப்பான, குழிகள் நிறைந்த செம்பு. தரச்சான்று நிறுவனங்கள் இத்தகைய காசுக்கு எண்ணே தருவதில்லை. 'துப்புரவு செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும். கம்பட்டப் பிழையைச் சந்தை ஓரளவு மன்னிக்கும், இதை மன்னிக்காது. இவ்விடத்தில் சந்தையின் தீர்ப்பு நமக்கும் உடன்பாடே.

இன்னொரு பச்சையும் உண்டு. வெளிறிய, மாவுபோல உதிரும் பச்சை. உப்புநீர்க் கரையில் கிடைக்கும் செம்புக்கு வரும் நோய் அது. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டபோதெல்லாம் அமிலமாகி, உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரிக்கரையில் கிடைத்த காசுக்கு இந்த அச்சம் எப்போதும் உண்டு. இதற்கும் புளி மருந்தன்று. உலர்ந்த இடத்தில், பிற காசுகளோடு சேர்க்காமல் தனியே வைத்து, அறிந்தவரிடம் காட்டவேண்டும். செப்புத் திருமேனிகளை அரித்த இதே நோய்க்கு மருத்துவம் செய்ய 1930களிலேயே சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் இயங்கிற்று என்பதை இங்கு நினைவூட்டலாம்.

போலிகளைப் பற்றி ஒரு சொல். வார்ப்புப் போலிகளில் குமிழி வடுக்கள் இருக்கும். எழுத்தின் ஓரம் மெழுகுபோல வழிந்திருக்கும். விளிம்பில் அராவிய கோட்டையும் பார்க்கலாம். பிழைக்காசுக்கு விலை உண்டென்று அறிந்தபின், நல்ல காசைப் பட்டறையில் வைத்துக் கெடுத்து 'அபூர்வப் பிழை' என்று விற்பதும் நடக்கிறது. 'வீட்டில் பழைய காசு இருக்கிறதா, லட்சங்கள் தருகிறோம்' என்று இணையத்தில் வரும் விளம்பரங்களோ வேறு வகை. காசு கைமாறுவதற்கு முன் கமிஷன், வரி என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படி மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. மீனவர் குப்பங்களில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. இந்த விளம்பரங்கள் அங்கும் போகின்றன.

விலையைப் பற்றி இவ்வளவு எழுதியபின், விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றையும் சொல்லவேண்டும். டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககால நாணயங்களைத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, 'பெருவழுதி' என்று எழுத்துப் பொறித்த பாண்டியர் காசும், 'மாக்கோதை' என்று பொறித்த சேரர் வெள்ளிக் காசும் எத்தகைய பரபரப்பை உண்டாக்கின என்பது நினைவிருக்கும். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்தவையும் அவர் ஆய்வில் இடம்பெற்றன. தேய்ந்தவை, விளிம்பு உடைந்தவை, எழுத்து பாதி விழுந்தவை எல்லாவற்றையும் அவர் போன்றோர் ஒதுக்காமல் பார்த்ததால்தான் பெயர்கள் கூடின. ஒரு காசில் விழாத எழுத்து இன்னொரு காசில் விழுந்திருக்கும். அச்சு பெரிது, வில்லை சிறிது என்று முன்னர்ச் சொன்னோமே, அதன் மறுபக்கம் இதுதான். அச்சின் முழு உருவத்தை எந்தத் தனிக்காசும் காட்டாது. மேற்குப்பக்கம் விலகிய பத்துக் காசுகளையும் கிழக்குப்பக்கம் விலகிய பத்துக் காசுகளையும் சேர்த்து வைத்துத்தான் அச்சை வரைந்தெடுக்க முடியும். 'தேறாது' என்று உலைக்குப் போகும் கோணல் காசில்தான், அழகான காசில் விடுபட்டுப்போன மூலை இருக்கிறது.

ஆகையால், கோட்டைக்குப்பத்திலோ அதன் அண்டைக் குப்பங்களிலோ வாழும் வாசகர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், நம் வேண்டுகோள் சிறியது. கிடைத்த காசைத் தேய்க்கவேண்டாம். இருபுறமும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையையும் கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, காசோடு வைத்திருங்கள். மண்ணுள் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயத்தை நாட்டை விட்டு அனுப்பக்கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். இரண்டும் நடப்பில் உள்ளவை. முத்திரையின் தலைக்குமேல் பார்க்கும்போது 'பி' முழுதாக இல்லாமல், அதன் கால் மட்டும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதையும் தாளில் எழுதுங்கள். கால் நேராக இருந்தால் 'பி'யாக இருக்கலாம். அருகே இன்னொரு காலும் சாய்கோடும் தெரிந்தால் நாகப்பட்டினத்தின் 'என்'.